குண்டு போட்டுக் கல் அரைக்கிற பால் மில்லில் எம்36 (36 மில்லி) போல்ட் முறிந்துகொண்டே இருக்கிறது: சம்மட்டியும் செயின் பிளாக்கும்தான் இருக்கிறது, சரியாக டைட் செய்ய வழி உண்டா?

அரவைமில்காரன்

எல்லோருக்கும் வணக்கம். கரூர் பக்கம் ஒரு சின்ன அரவை யூனிட்டில் பராமரிப்பு பார்க்கிறேன். ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் அரைக்கிறோம். மில் 2.1 மீட்டர் விட்டம், 22 ஆர்பிஎம், ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓடும். ஷெல்லையும் (உருளை உடம்பு) டிரனியன் (மில்லைத் தாங்கிச் சுழலவிடுகிற கழுத்து) பக்கத்துத் தலைத்தட்டையும் இணைக்கிற ஃபிளேஞ்சில் (போல்ட் போடுகிற விளிம்பு) 32 போல்ட், எம்36, தலையில் 8.8 என்று (வலிமைக் கிரேடு) குத்தியிருக்கிறது. இரண்டு ஃபிளேஞ்சும் சேர்ந்து 120 மில்லி கனம்.

இரண்டு மாதத்தில் ஐந்து போல்ட் போய்விட்டது. முதலில் ஒன்று, பத்து நாளில் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று, அப்புறம் மூன்று. ஒவ்வொரு முறையும் புதுசு போட்டு, 55 மில்லி ஸ்லாகிங் ஸ்பேனரை (சம்மட்டியால் அடிக்கிற கனமான ஸ்பேனர்) மாட்டி, 10 பவுண்டு சம்மட்டியால் இரண்டு பேர் மாறி மாறி அடித்துத்தான் டைட் செய்கிறோம். இதற்கு மேல் எப்படி டைட் செய்வது என்று தெரியவில்லை. முதலாளி "ஓவர் டைட் பண்ணி முறிக்கிறீங்க" என்கிறார், எங்கள் ஃபோர்மேன் "டைட் பத்தலை" என்கிறார்.

மில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது, மேனுவல் கிடையாது. ஹைட்ராலிக் டார்க் ரெஞ்ச் (டார்க் என்கிற முறுக்கு விசையை அளந்து டைட் செய்கிற டூல்) வாடகைக்கு எடுக்கலாம் என்றேன், 32 போல்ட்டுக்கு அதெல்லாம் எதற்கு என்று முதலாளி சொல்லிவிட்டார். ஸ்லாகிங் ஸ்பேனர், சம்மட்டி, ஒரு டன் செயின் பிளாக், பைப், வெர்னியர் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு ஒழுங்காகச் செய்ய முடியுமா? எவ்வளவு டார்க் என்று யாராவது சொன்னாலும் போதும்.

பழைய ஃபிட்டர்

தம்பி, 31 வருஷம் சர்க்கரை ஆலையிலும் சிமெண்ட் ஆலையிலும் ஓட்டியவன் நான். எந்த டார்க் கணக்கும் பார்த்ததில்லை. சம்மட்டி விழும்போது சத்தம் பார். லூஸாக இருந்தால் 'டொப்' என்று அமுங்கின சத்தம் வரும், இறுக இறுக 'டங்' என்று மணி மாதிரி ஆகும், ஸ்பேனர் கையை உதறும். அந்த இடத்துக்கு வந்த பிறகு மூன்று அடி, அவ்வளவுதான்.

மில்லை 8 மணி நேரம் ஓட்டி நிறுத்தி மறுபடி எல்லாவற்றையும் ஒரு சுற்று அடி. அடுத்த நாள் இன்னொரு தடவை. புதுசு போட்டுவிட்டு அப்படியே விட்டால் முறியத்தான் செய்யும். ஸ்பிரிங் வாஷர் போட்டிருக்கிறாயா?

அரவைமில்காரன்

அண்ணே, ஸ்பிரிங் வாஷர் போட்டிருக்கிறோம், மேலே லாக் நட்டும் உண்டு. மறு டைட் ஒரு தடவைதான் செய்தோம், ஆர்டர் அவசரம், நிறுத்த விடவில்லை.

மைக்ரோமீட்டர் பைத்தியம்

டார்க் எவ்வளவு என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி. முறிந்த துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? ஸ்கிராப்பில் கிடந்தால் எடுத்து, டீசலில் கழுவி, முறிந்த முகத்தைப் பாருங்கள். எங்கே முறிந்தது, தலைக்குக் கீழேயா, நட் உட்காருகிற இடத்திலா? முகம் எப்படி இருக்கிறது?

அரவைமில்காரன்

மூன்று துண்டு கிடைத்தது. மூன்றும் நட்டுக்குள் நுழைகிற முதல் மரையில்தான் முறிந்திருக்கிறது. முகத்தில் முக்கால்வாசி வழவழப்பாக, கிளிஞ்சல் ஓட்டில் இருக்கிற மாதிரி வளைவு வளைவாகக் கோடுகள். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் இடம் சொரசொரப்பாக, சாம்பல் நிறத்தில். இன்னொன்று, ஃபிளேஞ்ச் சந்தில் இருந்து துரு மாதிரி சிவப்புத் தூள் வருகிறது. தண்ணீரே படாத இடம் அது.

மைக்ரோமீட்டர் பைத்தியம்

அப்படியென்றால் உங்கள் ஃபோர்மேன் சொன்னதுதான் சரி, ஆனால் அவர் நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

ஓவர் டைட்டில் அறுந்த போல்ட் வேறு மாதிரி இருக்கும். இடுப்பு ஒடுங்கி, மரை இழுபட்டு, முகம் முழுக்க சொரசொரப்பாக, டைட் செய்யும்போதே கையில் வந்துவிடும். உங்களுடையது களைப்பு முறிவு. கிளிஞ்சல் கோடு ஒவ்வொன்றும் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறியதன் தடம், கடைசியில் மிச்சம் இருந்த அந்தச் சின்ன இடம் தாங்காமல் ஒரே நொடியில் போயிருக்கிறது. முதல் மரையில் முறிவதும் அப்படியே, நட் தாங்குகிற சுமையில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு மரைதான் வாங்குகிறது. சிவப்புத் தூள் என்னவென்றால், இரண்டு ஃபிளேஞ்சும் ஒன்றோடொன்று மயிரிழை அளவு உரசி, தேய்ந்த இரும்புத் தூள் துருப்பிடித்து வருவது. இணைப்பு அசைகிறது.

ஏன் இவ்வளவு சீக்கிரம் என்றால் கணக்குப் போடுங்கள். மில் ஒரு சுற்று சுற்றினால் ஒவ்வொரு போல்ட்டும் ஒரு தடவை மேலே போய்க் கீழே வருகிறது, அதாவது சுமை ஒரு தடவை ஏறி இறங்குகிறது. 22 ஆர்பிஎம், 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 26,400 தடவை. இரண்டு மாதத்தில் 15 லட்சத்துக்கு மேல். போல்ட் நன்றாக இழுபட்டு ஃபிளேஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தால் இந்த ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதியை ஃபிளேஞ்சே வாங்கிக்கொள்ளும், போல்ட்டுக்குச் சொற்பம்தான் தெரியும். இழுப்பு குறைவாக இருந்தால் முழுசும் போல்ட் தலையில் விழும். டைட் பத்தாத போல்ட்தான் முறியும் என்பது கேட்க முரணாக இருக்கிறது, ஆனால் சுழல்கிற இணைப்புகளில் நான் பார்த்தவரை அதுதான் நடக்கிறது.

சரி, எவ்வளவு இழுப்பு வேண்டும். எம்36 கோர்ஸ் மரையில் சுமை தாங்குகிற பரப்பு 817 சதுர மில்லி. 8.8 போல்ட்டின் ப்ரூஃப் அழுத்தம் (நிரந்தரமாக நீண்டுவிடாமல் தாங்குகிற அளவு) 600 மெகாபாஸ்கல். அதில் 75 சதவீதம் எடுத்தால் 368 கிலோ நியூட்டன், நம் பாஷையில் 37 டன் சொச்சம். லோடு ஏற்றிய பெரிய லாரி ஒன்றை ஒரே போல்ட்டில் தொங்கவிடுகிற இழுப்பு அது. உங்களுடைய 32 போல்ட்டில் ஒவ்வொன்றிலும் அவ்வளவு இருக்க வேண்டும்.

இதற்கு டார்க் எவ்வளவு என்று கேட்டால், உராய்வைப் பொறுத்தது என்பதுதான் நேர்மையான பதில். நீங்கள் போடுகிற முறுக்கில் பாதி நட்டின் அடிமுகத்து உராய்விலேயே போகிறது, இன்னொரு 40 சதவீதம் மரையில் போகிறது, போல்ட்டை இழுக்க மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு. கடையில் வந்தபடி லேசான எண்ணெயோடு போட்டால் சுமார் 2,650 நியூட்டன் மீட்டர், அதாவது ஒரு மீட்டர் கைப்பிடியின் நுனியில் 270 கிலோ. மரையிலும் நட்டின் அடிமுகத்திலும் மாலி கிரீஸ் (மாலிப்டினம் கலந்தது) பூசினால் சுமார் 1,720 போதும், ஒரு மீட்டரில் 175 கிலோ. அதே போல்ட், அதே 37 டன். கிரீஸ் பூசிவிட்டு 2,650 கொடுத்தால் அப்போது முதலாளி சொன்னது நடக்கும்.

துருப்பிடித்த பழைய மரையாக இருந்தால் 2,650 கொடுத்தாலும் 20 டன்கூட வராமல் போகலாம். சம்மட்டிச் சத்தத்தில் இருக்கிற சிக்கலும் இதுதான். நட் நகரவில்லை என்பதைத்தான் 'டங்' சொல்கிறது. போல்ட் இழுபட்டதால் நகரவில்லையா, மரை கடித்துக்கொண்டதால் நகரவில்லையா என்பது அதற்குத் தெரியாது. கை உணர்வில் டைட் செய்தால் இழுப்பு முன்பின் 35 சதவீதம் மாறும் என்பார்கள், நல்ல டார்க் ரெஞ்சிலேயே 25 மாறும். போல்ட் நீண்டதை அளந்தால் 5 சதவீதத்துக்குள் கொண்டுவரலாம்.

அதனால் டார்க்கை விடுங்கள், போல்ட் எவ்வளவு நீண்டது என்று பாருங்கள். உங்கள் போல்ட்டில் 37 டன்னுக்கு சுமார் 0.28 மில்லி நீளும் (120 மில்லி ஃபிளேஞ்ச் கனத்தோடு தலையில் பாதி, நட்டில் பாதி சேர்த்து, தண்டு கொஞ்சம் பருமன் என்பதையும் பார்த்துப் போட்ட கணக்கு). இது ஊடுருவிப் போகிற போல்ட், இரண்டு முனையும் வெளியே தெரியும், இதைவிட வசதி வேண்டாம். இரண்டு முனையிலும் சென்டர் டிரில் வைத்து ஒரு சின்னக் குழி போடுங்கள். பழைய பேரிங்கில் இருந்து இரண்டு சின்னக் குண்டு எடுத்து, துளி கிரீஸ் தடவிக் குழியில் ஒட்டவையுங்கள். குண்டு மேல் மைக்ரோமீட்டர் வைத்தால் கோணல் மாணல் பிரச்சினை இருக்காது, ஒவ்வொரு தடவையும் அதே அளவு வரும். வெர்னியர் இதற்குப் பத்தாது, 0.28-ல் 0.02 தவறினாலே ஏழு சதவீதம் போச்சு. போல்ட் நீளத்துக்கு ஏற்ற அவுட்சைட் மைக்ரோமீட்டர் ஏதாவது லேத் பட்டறையில் இரவல் வாங்குங்கள்.

முதலில் இதைச் செய்யுங்கள், ஒரு பைசா செலவில்லை: இப்போது டைட்டாக இருக்கிற ஒரு பத்து போல்ட்டை அப்படியே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு லூஸ் செய்து மறுபடி அளங்கள். வித்தியாசம்தான் உங்கள் சம்மட்டி இதுவரை கொடுத்த இழுப்பு.

கிரஷர்காரன்

எதுக்கு இவ்வளவு கஷ்டம், 8.8-ஐ எடுத்துவிட்டு 10.9 இல்லை 12.9 போடுங்கள், முறியாது. எங்கள் ஜா கிரஷரில் அப்படித்தான் செய்தோம்.

இன்னொன்று, லாரி வீல் நட் கழற்ற கியர் வைத்த கைச்சுற்று டூல் வருமே, அதில் 55 சாக்கெட் போட்டு டைட் செய்யலாம். ஒரு ஆளே சுற்றிவிடலாம்.

மைக்ரோமீட்டர் பைத்தியம்

கிரேடு ஏற்றினால் போல்ட் அதிகம் தாங்கும், ஆனால் அதிகம் இழுத்தால்தான் அதிகம் அமுக்கும். அதே சம்மட்டி, அதே இழுப்பு என்றால் ஃபிளேஞ்ச் அதே மாதிரிதான் அசையும். மரை இருக்கிற இடத்தில் களைப்பு தாங்கும் சக்தி கிரேடோடு பெரிதாக ஏறுவதில்லை. உங்கள் கிரஷரில் நின்றதற்கு, புதுசு போடும்போது மரை சுத்தமாக இருந்தது காரணமாக இருக்கலாம்.

லாரி டூல் கழற்றுவதற்கு நல்லது. டைட் செய்யும்போது எவ்வளவு போகிறது என்று கைக்கே தெரியாது. ஆனால் அதன் பெரியண்ணன், ஒழுங்கான டார்க் மல்டிபிளையர் (கியர் வைத்து முறுக்கைப் பெருக்குகிற டூல்), வாங்க முடிந்தால் இந்த வேலைக்கு அதைவிட வேறு வேண்டாம். ஒன்றுக்கு ஐந்து விகிதம் என்றால் 350 நியூட்டன் மீட்டர் போடுகிற சாதாரண கை டார்க் ரெஞ்சே போதும். உள்ளே கியர் உராய்வு உண்டு, அதனால் அதோடு வருகிற அட்டவணையைப் பார்த்துத்தான் ரெஞ்சை வைக்க வேண்டும். எதிர்விசை தாங்குகிற கை எங்கே முட்டுகிறது, நடுவில் யார் விரல் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திருப்புங்கள்.

டர்பைன் ஷிஃப்ட்

அனல் மின் நிலையத்தில் ஓவர்ஹால் பக்கம் இருந்தவன். பெரிய போல்ட்டுக்கு முறுக்குவதே தப்பான வழி என்பது என் கட்சி. அழுத்தம் மாறாமல் விட்டம் இரண்டு மடங்கானால் டார்க் எட்டு மடங்கு ஆகும், எவ்வளவு நீளப் பைப் மாட்டுவீர்கள்? டர்பைன் கேசிங் (வெளிக்கூடு) ஸ்டட்டில் (தலையில்லாத போல்ட்) நடுவில் மேலிருந்து கீழாக ஓட்டை இருக்கும். அதற்குள் ஹீட்டர் ராடை விட்டுச் சூடாக்குவோம். ஒரு மீட்டர் எஃகு 100 டிகிரிக்கு 1.2 மில்லி நீளும், 1.5 மில்லி வேண்டுமென்றால் கேசிங்கைவிட 125 டிகிரி கூடுதல் சூடு. நீண்டதும் நட்டை சாதாரண ஸ்பேனரில் குறித்த அளவு திருப்பிவிட்டு விட்டுவிட வேண்டியதுதான், ஆறும்போது தானே இழுத்துக்கொள்ளும். நட்டின் வெளி வட்டத்தில் எத்தனை மில்லி திருப்ப வேண்டும் என்று முன்பே சாக்பீஸில் கோடு போட்டிருப்போம். இவ்வளவு பெரிய மெஷினில் கடைசியில் சாக்பீஸ் கோடுதான் அளவு என்று புதுப் பையன்கள் சிரிப்பார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் கேஸ் டார்ச்சை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போக வேண்டாம். 8.8 போல்ட்டை 425 டிகிரிக்கு மேல் டெம்பர் செய்து (சூடாக்கிப் பதப்படுத்தி) வருகிறார்கள், தீ அதைத் தாண்டிய இடத்தில் போல்ட் வெறும் கம்பிதான்.

முறுக்காமல் இழுக்க இன்னொரு வழி, பெரிய நட்டுக்குப் பதில் சுற்றிலும் சின்னச் சின்ன ஜாக் போல்ட் உள்ள வட்ட நட். சின்ன போல்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சாதாரண கை ரெஞ்சில் டைட் செய்தால் எல்லாம் சேர்ந்து பெரிய ஸ்டட்டைத் தூக்கி இழுக்கும். விலை அதிகம், உங்கள் மில்லுக்கு வேண்டாம், தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

களைப்பு முறிவு என்றதும் எனக்கு ஞாபகம் வருவது ரஷ்யாவில் யெனிசெய் ஆற்றில் இருக்கிற சயானோ-ஷுஷென்ஸ்காயா நீர்மின் நிலையம். 2009 ஆகஸ்ட் 17. இரண்டாம் யூனிட் டர்பைன் மூடியைப் பிடித்திருந்தது 80 ஸ்டட், எம்80. அவை விட்டுப் போனதும் தண்ணீர் மொத்த யூனிட்டையும் மேலே தூக்கி எறிந்தது, 75 பேர் இறந்தார்கள். பிறகு எடுத்துப் பார்த்த 49 ஸ்டட்டில் 41-ல் களைப்பு விரிசல். அந்த யூனிட்டில் அதிர்வு அதிகமாக இருந்தது முன்பே பதிவாகியிருந்தது. உங்கள் மில் சின்னதுதான், ஆனால் ஐந்து முறிந்துவிட்ட ஃபிளேஞ்சில் மிச்சம் 27 போல்ட்டும் நல்லாதான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் இருந்தவன் முறிந்தபோது அவன் சுமையையும் சேர்த்துச் சுமந்தவை அவை. 32-ம் புதுசு, நட்டும் புதுசு.

பழைய ஃபிட்டர்

32-ம் மாத்தணும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சம்மட்டி தப்பு என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பாதி இடத்தில் பைப் போடக்கூட இடம் இருக்காது, அங்கே மைக்ரோமீட்டரால் திருப்புவீர்களா?

மைக்ரோமீட்டர் பைத்தியம்

அண்ணே, நீங்கள் சொல்வதில்தான் விஷயமே இருக்கிறது. சம்மட்டியால் அடித்தீர்களா, செயின் பிளாக்கால் இழுத்தீர்களா என்பது போல்ட்டுக்குத் தெரியாது. நட் எத்தனை டிகிரி திரும்பியது, தண்டு எவ்வளவு நீண்டது, இது இரண்டும்தான் தெரியும். கோணம் பார்த்து அடித்தால் சம்மட்டி அருமையான டூல். சத்தம் பார்த்து அடிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

@அரவைமில்காரன், நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன்.

மெயின் ஆஃப், ஃபியூஸ் கழற்றி உங்கள் சட்டைப் பையில், ஸ்டார்டரில் அட்டை. மில்லுக்குள் குண்டும் கல்லும் ஒரு பக்கமாகக் கிடந்தால் அது தானே உருளும், அதுவும் செயின் பிளாக்கால் ஒரு பக்கம் இழுக்கும்போது நிச்சயம் உருளப் பார்க்கும். ஷெல்லை வயர் ரோப்பால் இரண்டு பக்கமும் அஸ்திவாரத்தோடு கட்டிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

எல்லா போல்ட்டையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். எதிரெதிராக ஒன்றிரண்டாக மாற்றிக்கொண்டு வாருங்கள். ஃபிளேஞ்ச் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள், இந்த மாதிரி மில்களில் நான்கைந்து போல்ட் துளைக்குச் சரியாகக் கடைந்து போட்டதாக இருக்கும், அதற்குப் பதில் யாராவது சாதாரண போல்ட் போட்டிருந்தால் அசைவுக்கு அதுவும் ஒரு காரணம். நட் உட்காருகிற இடத்தில் பெயிண்ட், வெல்டிங் சிதறல் எதுவும் இருக்கக் கூடாது, வயர் பிரஷ் போட்டு இரும்பு தெரிய வேண்டும். தடித்த, கடினப்படுத்தின வாஷர் போடுங்கள். ஸ்பிரிங் வாஷரைக் குப்பையில் போடுங்கள், 37 டன்னில் அது எப்போதோ தட்டையாகிவிடும், பிறகு அது இன்னொரு உரசுகிற முகம், அவ்வளவுதான். நட் கழன்று வருவது பக்கவாட்டு அசைவால் என்று 1969-லேயே கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன்காரர் பரிசோதித்துக் காட்டிவிட்டார். அசைவு நின்றால் லாக் நட்டுக்கே வேலை இல்லை.

மாலி கிரீஸ் மரையிலும் நட் அடிமுகத்திலும், 32-க்கும் ஒரே டப்பாவில் இருந்து, ஒரே ஆள் பூசட்டும்.

முதலில் எல்லாவற்றையும் சாதாரண ஸ்பேனரில் ஒரு ஆள் முழுப் பலத்தோடு இழுக்கிற அளவுக்கு, எதிரெதிராக. ஃபிளேஞ்ச் சந்தில் ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) நுழையக் கூடாது. நட்டிலும் ஃபிளேஞ்சிலும் சேர்த்து பெயிண்ட் மார்க்கரில் ஒரு கோடு. இதுதான் ஆரம்பம், பூஜ்யம்.

இப்போது நான்கு போல்ட்டை மாதிரிக்கு எடுத்துக்கொள்ளுங்கள், கால் வட்டத்துக்கு ஒன்று. பைப் கைப்பிடி மாட்டுவதற்கென்றே வருகிற கனரக ரிங் ஸ்பேனர் வாங்குங்கள், நட் நடுவில் இருந்து கொக்கி மாட்டுகிற இடம் வரை சரியாக 1.5 மீட்டர். ஸ்லாகிங் ஸ்பேனரில் பைப் மாட்டாதீர்கள், அது அடிக்கத்தான். கொக்கிக்கும் செயின் பிளாக்குக்கும் நடுவில் பழைய இரும்புக் கடையில் இருக்கிற மாதிரி டிஜிட்டல் தொங்கு தராசு, 300 கிலோ தாங்குவதாக. கைப்பிடிக்கும் செயினுக்கும் செங்கோணம் இருக்க வேண்டும், 30 டிகிரி சாய்ந்தால் 13 சதவீதம் காணாமல் போகும். தராசு 117 கிலோ காட்டினால் 1,720 நியூட்டன் மீட்டர். ஆனால் தராசு உங்களுக்கு வழித்துணைதான். மைக்ரோமீட்டரில் 0.28 வருகிறதா என்று பாருங்கள், வருகிற இடத்தில் நிறுத்தி, பூஜ்யக் கோட்டில் இருந்து நட் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று குறியுங்கள்.

போல்ட் நீள மட்டும் 25 டிகிரி போதும், ஆனால் ஃபிளேஞ்ச் அமுங்குவது, மரை உட்காருவது எல்லாம் சேர்த்து 40-க்கும் 60-க்கும் நடுவில் எங்கேயாவது வரும். நட்டுக்கு ஆறு முகம், ஒரு முகம் 60 டிகிரி. நான்கு போல்ட்டிலும் கோணம் ஏறக்குறைய ஒன்றாக வந்தால், மிச்சம் 28-ஐயும் அந்தக் கோணத்துக்கு, பாதி பாதியாக இரண்டு சுற்றில், எதிரெதிராக. இதைச் சம்மட்டியிலேயே அடியுங்கள், பழைய ஃபிட்டர் அண்ணன் சந்தோஷப்படுவார். தலைப்பக்கம் இன்னொரு ஸ்பேனர் பிடித்திருக்க வேண்டும், போல்ட்டே சேர்ந்து சுற்றினால் கணக்கு போய்விடும்.

கட்டட எஃகு வேலையில் டைட் செய்த பிறகு மூன்றில் ஒரு சுற்று என்று ஒரு விதி உண்டு, யாராவது அதைச் சொன்னால் இங்கே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது 120 டிகிரி, போல்ட்டை வேண்டுமென்றே நிரந்தரமாக நீளுகிற அளவுக்கு இழுக்கிற கணக்கு, உங்கள் போல்ட்டின் கதையை முடித்துவிடும்.

பழைய ஃபிட்டர்

சரி, கோணம் பார்த்து அடிப்பதென்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒன்று சேர்த்துக்கொள் தம்பி. ஸ்லாகிங் ஸ்பேனரைக் கையால் யாரும் பிடிக்கக் கூடாது, வாலில் கயிறு கட்டித் தள்ளி நின்று இழுத்துப் பிடிக்கணும். என் கூட இருந்த ஹெல்பர் ஒருத்தன் 'ஒரு அடிதானே அண்ணே' என்று கையால் பிடித்தான். சம்மட்டி ஸ்பேனர் நுனியில் வழுக்கி அவன் கட்டைவிரலில் இறங்கியது. அந்த விரலில் இன்றைக்கும் நகம் கிடையாது, சட்டை பட்டன் போட இடது கைதான். சம்மட்டித் தலை ஆப்பு ஆடுகிறதா என்று தினமும் பார், கண்ணாடி போடு.

அரவைமில்காரன்

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

முதலில் சொன்ன மாதிரி பழசை அளந்து பார்த்தோம். பத்து போல்ட், எல்லாமே 'டங்' என்று சத்தம் கேட்டு ஃபோர்மேன் கையாலேயே டைட் செய்தது. லூஸ் செய்ததும் வந்த வித்தியாசம்: 0.04, 0.19, 0.07, 0.02, 0.23, 0.11, 0.05, 0.16, 0.03, 0.09. முறிந்த போல்ட்டுகளுக்குப் பக்கத்தில் இருந்தவைதான் 0.02-ம் 0.03-ம். ஃபோர்மேன் மைக்ரோமீட்டரை வாங்கி மூன்று தடவை தானே அளந்தார். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை, டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது பேரிங் கடையில் இருந்து குண்டு வாங்கி வந்திருந்தார்.

கழற்றின 27-ல் இரண்டில் முதல் மரையில் விரிசல் இருந்தது. சிவப்புச் சாயம் தெளித்து, துடைத்து, வெள்ளைப் பவுடர் அடித்துப் பார்த்ததில் தெரிந்தது. டர்பைன் ஷிஃப்ட் சார் சொன்னதால்தான் பார்த்தோம், இல்லையென்றால் திரும்பப் போட்டிருப்போம்.

புதுசில் மாதிரி நான்கும் தராசில் 117 கிலோ வைத்து நிறுத்திப் பார்த்தபோது 0.26, 0.31, 0.23, 0.29. ஒரே கிரீஸ், ஒரே ஆள், அப்படியும் இவ்வளவு வித்தியாசம். 0.23-ஐக் கொஞ்சம் கூட்டி, 0.31-ஐக் கொஞ்சம் இறக்கிச் சரி செய்தோம். கோணம் நான்கிலும் 47-ல் இருந்து 52-க்குள் வந்தது. 50 என்று வைத்து, தகரத்தில் ஒரு துண்டு வெட்டி அளவுகோல் செய்து, மிச்சத்தைச் சம்மட்டியிலேயே அடித்தோம், கயிறு கட்டித்தான். பிறகு சும்மா ஆறு போல்ட்டைச் சோதித்தேன், எல்லாம் 0.25-க்கும் 0.30-க்கும் நடுவில்.

ஒரு நாள் ஓட்டிவிட்டு மறுபடி அளந்தால் பெரும்பாலானவற்றில் 0.01, 0.02 குறைந்திருந்தது, இரண்டில் மட்டும் 0.05. அந்த இரண்டையும் திரும்ப 0.28-க்குக் கொண்டுவந்தேன். சரிதானே? சிவப்புத் தூள் துடைத்துவிட்ட பிறகு இதுவரை வரவில்லை.

நீங்கள் சொன்ன மாதிரி நான்கு துளை மட்டும் ரீமர் அடித்ததாக (துல்லிய அளவுக்குக் கடைந்ததாக) இருக்கிறது, அதில் சாதாரண போல்ட்தான் போட்டிருந்தார்கள். இரண்டு துளை லேசாக நீண்டிருக்கிறது. அங்கே இப்போதைக்கு எம்36-ஐயே போட்டு ஓட்டுகிறேன்.

மைக்ரோமீட்டர் பைத்தியம்

சரிதான். 0.05 குறைந்த இரண்டையும் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள், மறுபடி குறைந்தால் அங்கே வாஷருக்கு அடியில் ஏதோ இருக்கிறது, பெயிண்டாகத்தான் இருக்கும்.

நான்கு ரீமர் துளைக்கு இப்படியே ரொம்ப நாள் ஓட்டாதீர்கள். நீண்ட துளையைப் பெரிசாக ரீமர் அடித்து, அந்த அளவுக்குத் தண்டு கடைந்த போல்ட் போட வேண்டும். சாதாரண கம்பியில் கடையச் சொல்லிவிடாதீர்கள், 8.8-க்கு ஈடான எஃகு. துளையை அளந்துவிட்டு லேத்துக்குப் போங்கள், படம் பார்த்து அளவு சொல்லாதீர்கள்.

அரவைமில்காரன்

லேத்காரர் வியாழக்கிழமை தருகிறேன் என்றிருக்கிறார். மைக்ரோமீட்டரும் அவருடையதுதான், திருப்பிக் கேட்கிறார். ஃபோர்மேன் நமக்கே ஒன்று வாங்கணும் என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறார்.